பத்து நாற்பதுக்கு ஒரு கூகை

விமான நிலையத்தில் அந்த ஜீப்பிலிருந்து பத்தடி தள்ளி நின்று பேசும் ஒரே ஆள் எஞ்சின் மெக்கானிக்தான். மற்றவர்கள் ஜீப்பின்மேல் சாய்ந்துகொண்டு பேசுவார்கள், டீ டம்ளரை பானெட்டில் வைப்பார்கள். அவன் மட்டும் வெயிலில் நின்றபடி கத்துவான்.

"கிட்ட வந்து பேசேன் தம்பி. நான் என்ன கடிச்சா வெக்கப்போறேன்?"

"நீங்க கடிக்க மாட்டீங்கக்கா, உங்க ஜீப் கடிக்கும். இங்க நிக்கும்போதே மூக்கு அரிக்குது."

இறகு என்றால் அவனுக்கு ஆகாது. அதுவும் ஒற்றைத் தும்மலோடு நிற்காது. மூன்று வரும். முதல் இரண்டும் முன்னுரை, மூன்றாவதுதான் விஷயம் என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வந்து முடிகிறவரை பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஜீப், காக்கா அக்காவுடையது. காக்கா அக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர். ஓடுபாதையில் பறவைகள் உட்காராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஜீப்பின் தலையில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. ஆபத்தில் மாட்டிய பறவை எப்படி அலறுமோ அப்படி அது அலறும். அதற்கும் அசையாத பறவைகளுக்கு, சத்தம் மட்டும் போடுகிற ஒரு வெடித்துப்பாக்கி. ஒவ்வொரு விமானமும் கிளம்பும் முன் ஓடுபாதையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, வாக்கி டாக்கியில் "ரன்வே சுத்தம்" என்று சொல்வாள். அவள் சொன்ன பிறகுதான் கண்ட்ரோல் டவர் விமானத்தை விடும்.

செத்துக் கிடக்கும் பறவைகளும் அவள் பொறுப்புதான். உதிர்ந்த இறகுகளைக்கூட விடாமல் பிரஷால் கூட்டி, பையில் போட்டு, சீட்டு எழுதுவாள். என்ன பறவை, எந்த இடம், என்ன நேரம், எப்படிச் செத்தது. பை, தீயணைப்பு நிலையத்து ஃப்ரீசருக்குப் போகும். அங்கே தீயணைப்புக்காரர்கள் தங்கள் குளிர்பானத்துக்காக ஐஸ்கட்டி வைத்திருப்பார்கள். "உன் பொணங்களுக்கு நடுவுல எங்க ஐஸ் கிடக்குது தாயி" என்று தினமும் ஒருவராவது புலம்புவார்.

ஒரு பறவைக்குப் பயன்படுத்திய பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் புதிது எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஸ்டோர் அறையில் கொடுக்கும் பிரஷ்கள் துடைப்பக்குச்சி மாதிரி விறைப்பானவை. மெல்லிய இறகை ஒடித்துவிடும். ஒடிந்த இறகை வைத்துக்கொண்டு எது என்ன பறவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் அவள் வீட்டிலிருந்து ஒரு பிரஷ் கொண்டுவந்திருந்தாள். அவள் கணவர் தையல்காரர். கோட்டில் ஒட்டிய நூலையும் சாக்கட்டித் தூளையும் தட்டுவதற்காக அவர் வைத்திருந்த, பூனை வால் போல மெத்தென்ற பிரஷ். பிடியில் நீலத்துணி சுற்றியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஜீப் டயரில் நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி அதையே எடுத்துக்கொள்வாள்.

எட்டு வருடமாக இந்த வேலை. ஒரு நாள்கூட அவளுக்கு அலுத்ததில்லை. ஓடுபாதை ஓரத்தில் பதினான்காம் எண் விளக்கின்மேல் மட்டும் ஏன் பருந்து உட்காருகிறது என்று ஒரு தடவை அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று மாதம் அந்த விளக்கின் பக்கத்தில் முழங்காலிட்டு, பருந்து பார்க்கிற உயரத்திலிருந்து பார்த்தாள். அங்கிருந்துதான் வடிகாலின் எலி வளை நேராகத் தெரிகிறது. வளையை அடைத்ததும் பருந்து இடம் மாறிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம், பதவி உயர்வு வந்தவர்களுக்குக்கூட வந்திருக்காது.

அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு விமானங்களில் பறவை மோதியிருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்து, மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் குண்டூசியில் தொங்கியது. மூன்றாவது மோதல் நடந்தால், அந்த நேரத்தில் ஓடுபாதை சுத்தம் என்று சொன்னவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். சொல்கிறவள் ஒருத்திதான். அதனால் கடிதத்தில் பெயர் எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து முப்பத்தொன்றுக்கு அவள் "ரன்வே சுத்தம்" என்றாள். பத்து நாற்பதுக்கு விமானம் ஓடத் தொடங்கியது. தீயணைப்பு வண்டிகள் போகும் பக்கப் பாதையில் ஜீப்பை நிறுத்தி, எப்போதும் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் தரையை விட்டு எழும்பிய நொடியில் 'டம்' என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று. இடது எஞ்சினின் பின்னாலிருந்து ஒரு தீ நாக்கு வெளியே வந்து உள்ளே போயிற்று. விமானம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மெல்ல ஏறியது.

வாக்கி டாக்கியில் டவர்க்காரரின் குரல் வந்தது. "இடது எஞ்சினை அணைச்சுட்டாங்க. திரும்பி வர்றாங்க. பறவையா இருக்கும்னு பைலட் சொல்றார். அக்கா, நீங்க சுத்தம்னுதானே சொன்னீங்க?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு."

பயம் வருவதற்கு முன்னால் அவளுக்குள் வேறொன்று வந்தது. என்ன பறவை? வானத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை துழாவினாள். வெறும் வெயில். ஒரு புள்ளிகூட இல்லை.

பத்தொன்பது நிமிடம் சுற்றிவிட்டு விமானம் ஒற்றை எஞ்சினில் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. படிக்கட்டில் இறங்கியவர்களில் சிலர் அழுதார்கள், சிலர் எஞ்சினைப் படம் எடுத்தார்கள். ஒருவர் மட்டும் அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

காக்கா அக்கா ஓடுபாதையில் இறங்கி நடந்தாள். பறவை அடிபட்டிருந்தால் பாதையில் ஏதாவது கிடக்கும். ஒரு கால், ஒரு துளி ரத்தம், குறைந்தது நாலு இறகு. அன்றைக்கு எதுவும் இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் உலோகத் துண்டு மட்டும் கிடந்தது. உடைந்த விளிம்பில் பாதி பளபளப்பு, பாதி சாம்பல் நிறம். பையில் போட்டாள். பழக்க தோஷத்தில் சீட்டும் எழுதினாள். 'என்ன பறவை' என்ற இடத்தில் 'பறவை இல்லை, உலோகம்' என்று எழுதினாள்.

விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் மெக்கானிக் ஏணி போட்டு, இடது எஞ்சினின் வாய்க்குள் தலையை விட்டிருந்தான். நல்ல காற்று. எஞ்சின் வாயின் அடித்தட்டில் கிடந்த தூளும் துண்டும் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, ஒரு பிரஷ் இருந்தா குடுங்க. என் பெட்டி ஷெட்டுல இருக்கு. அதுக்குள்ள எல்லாம் பறந்துடும்."

அவள் ஜீப்பிலிருந்து நீலப்பிடி பிரஷை எடுத்து ஏணிப்படியில் எட்டி நீட்டினாள். வாங்கியவன் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தும்மினான். ஒன்று, இரண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று. பிறகு கூட்டத் தொடங்கினான். அரை நிமிடத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இறகு! அக்கா, இறகு இருக்கு! பாத்தீங்களா, என் மூக்கு முன்னாடியே சொல்லிடுச்சு!"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் விரல் நுனியில் பிடித்துக் காட்டியது நகக்கண் அளவுக்கு ஒரு மென்னிறகு. வைக்கோல் நிறம், ஓரத்தில் சாம்பல். அவள் ஒரு நொடி பார்த்தாள். அதற்குள் அதை உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

அன்று மதியமே மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் கடிதம் தொங்கியது.

"இறகை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியாச்சும்மா. பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் வீட்ல இருங்க. சாவியை இப்படி வெச்சிடுங்க."

"என்ன பறவைன்னு வந்ததும் எனக்குச் சொல்வீங்களா சார்?"

"எந்தப் பறவையா இருந்தா என்னம்மா? பறவைன்னு வந்தாலே கதை முடிஞ்சுது."

அவள் சாவியை மேசையில் வைத்தாள். ஜீப் சாவியின் வளையத்தில் ஒரு ரோஜா நிறப் பொத்தான் கோத்திருந்தது, அவள் கணவர் கோத்தது. அதைக் கழற்றிக்கொள்ளலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டின் முன்னறைதான் தையல்கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, கோட்டுகள் தொங்கும் கம்பி. அவள் வெட்டுமேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சாக்கட்டியால் பழுப்புக் காகிதத்தில் பறவைகளை எழுதிக்கொண்டிருந்தாள். மைனாவுக்கு அந்த நிறம் இல்லை. கொக்கு முழுவெள்ளை. பருந்தின் மென்னிறகு இன்னும் அடர்த்தி. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி இப்படி ஒரு நாள் யோசிச்சிருப்பியா நீ?" என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி.

"உங்களுக்கு இறகு இல்லையே."

"இருந்தா வெடி வெச்சுத் துரத்தியிருப்ப."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பாதியில் நின்றது. "வேலை போயிடுமாங்க?"

அவர் ஊசியைப் பஞ்சுப்பொதியில் குத்தி வைத்தார். "போனா போகட்டும்னு சொல்லணும்னுதான் வாய் வருது. ஆனா மழை நாள்ல லீவு விட்டாலே நீ ஜன்னல்ல நின்னு வேலிக் குருவியை எண்றவ. உன்னை வீட்ல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஐந்தாம் நாள் ஒரு விமானப் பணிப்பெண் சீருடைக் கோட்டோடு வந்தாள். நிலையத்தில் வேலை செய்யும் பாதிப்பேர் கணவரிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள்.

"அண்ணா, ரெண்டு பட்டன் போயிடுச்சு. அன்னிக்குச் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்ட வேகத்துல பிச்சுக்கிச்சு."

காக்கா அக்கா தலையை நிமிர்த்தினாள். "எந்த அன்னிக்கு?"

"அதான்கா, பத்து நாப்பது ஃப்ளைட்டு. நான் பின்னாடி கதவுப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்." அப்போதுதான் யாரிடம் பேசுகிறோம் என்று புரிந்து, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அக்கா, சாரி."

"அதெல்லாம் விடும்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. உள்ள என்ன நாத்தம் அடிச்சுது?"

"நாத்தமா?"

எஞ்சின் இழுக்கும் காற்றில் ஒரு பங்குதான் பயணிகள் உட்காரும் இடத்துக்கும் போகிறது. பறவை எஞ்சினுக்குள் போய்க் கருகினால், உள்ளே இருப்பவர்களுக்குத் தலைமுடி பொசுங்கினது போல, இறைச்சி தீய்ந்தது போல வாடை வரும். அந்த வருடத்தின் முதல் மோதலில் பயணிகள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். காக்கா அக்கா அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த வாடை அடித்ததாகவே அவளுக்கு ஞாபகம் வந்துவிடும்.

பணிப்பெண் கண்ணை மூடி யோசித்தாள். "சூடு ஏறின இரும்பு மாதிரி இருந்துச்சு. ஆங், உங்க மெஷின் மோட்டார் ஒரு தடவை புகைஞ்சுதே அண்ணா, நான் வந்திருந்தப்ப? அதே வாசனை."

"கறி தீஞ்ச மாதிரி?"

"சேச்சே. அப்படி இருந்தா நான் வாந்தி எடுத்திருப்பேனே."

அவள் போன பிறகு காக்கா அக்கா பழுப்புக் காகிதத்தின் அடியில் 'வாடை இல்லை' என்று எழுதிக் கோடு போட்டாள். கணவர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப பறவை இல்லைங்கிறியா?"

"இறகு இருக்கே. என் கண்ணால பார்த்தேனே."

"அப்ப இருக்குங்கிறியா?"

"அதாங்க தெரியல," என்றாள். அந்தக் குரலில் கவலையைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது.

பத்தாம் நாள் மேனேஜர் போன் செய்தார். இறகு கூகையுடையது. இதயம் போல வெள்ளை முகம் இருக்குமே, அந்த ஆந்தை. நாளை மறுநாள் விசாரணை.

"கூகையா? பகல் பத்து நாப்பதுக்கா சார்? அது அந்நேரம் பொந்துல தூங்கும்."

"அன்னிக்குக் காலையில புல்லு வெட்டினாங்கல்ல, பயந்து எழும்பியிருக்கும். தூங்கறவங்களை எழுப்பினா எழுந்திரிக்க மாட்டாங்களா?"

"ரத்தம், சதை ஏதாவது இருந்துச்சாமா?"

"இறகு மட்டும்தான். கருகவும் இல்லை. நாளன்னிக்கு வாங்கம்மா, பேசிக்கலாம்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஓர் ஆந்தை, பட்டப்பகலில், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், கருகாமல், வாடையும் விடாமல் எஞ்சினுக்குள் போய் ஒரே ஓர் இறகை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அப்படி ஒரு ஆந்தை இருந்தால் அதை அவளுக்கு நேரில் பார்க்க வேண்டும்.

கணவர் ஒரு கறுப்புக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கத் துணியின் பஞ்சு கோட்டில் ஒட்டியது.

"சனியன், இது போகுதா பாரு. நல்லதா ஒரு பிரஷ் வெச்சிருந்தேன். மகராசி எடுத்துட்டுப் போனவ, இன்னும் திருப்பித் தர்ற வழியைக் காணோம்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பார்வை அவர்மேல் இருந்ததே தவிர, அவரைப் பார்க்கவில்லை.

விமானம் கிளம்பிய செவ்வாய்க்கு முந்தைய வியாழன். விடியற்காலை ஐந்து நாற்பது. ஓடுபாதையின் வடக்கு முனைப் புல்லில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. சிறகு விரிந்து, முழுசாக. பக்கத்தில் உதிர்ந்த மென்னிறகுகளை அந்த நீலப்பிடி பிரஷால்தான் கூட்டினாள். டயரில் நாலு தட்டு. அதோடு சரி. அதன்பின் செவ்வாய்வரை வேறு பறவை விழவில்லை. அடுத்து அந்தப் பிரஷ் போனது மெக்கானிக்கின் கைக்கு.

"அவன் எப்பத் தும்மினான்?" என்றாள் உரக்க.

"யாரு?"

"ஏணியில நின்னவன். நான் பிரஷைக் குடுத்ததும் தும்மினான். எஞ்சினுக்குள்ள எதையும் தொடறதுக்கு முன்னாடி. அதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் தலையை உள்ள விட்டுட்டு நின்னான், ஒரு தும்மல் இல்லை!" அவள் வெட்டுமேசையைத் தட்டினாள். சாக்கட்டி துள்ளி விழுந்தது. "கூகை எஞ்சினுக்குள்ள பறந்து போகலைங்க. உங்க பிரஷ்ல உட்கார்ந்து போச்சு!"

அவர் கோட்டைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்ப பிரஷை மாத்தாம வெச்சிருந்த தப்பு?"

"என் தப்புதான்."

"அதைச் சொன்னாலும் வேலை போகலாமே?"

"போகலாம்." அவள் குனிந்து சாக்கட்டியைத் தேடினாள். "ஆனா அது நான் பண்ணின தப்பு."

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனாள். முதலில் தீயணைப்பு நிலையம். ஐஸ்கட்டிப் பைகளைத் தூக்கி வைத்து, ஃப்ரீசரின் அடியில் கையை விட்டாள். கூகை இருந்தது. சீட்டில் அவள் கையெழுத்தும் இருந்தது. வடக்கு முனை, ஐந்து நாற்பது, காரணம் தெரியவில்லை.

அடுத்து விமானங்களைப் பழுது பார்க்கும் ஷெட். கதவருகே வரும்போதே உள்ளே தும்மல் கேட்டது. மூன்று.

"பத்து நாளா இப்படித்தான்," என்றான் அங்கே திருகுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன். "டூல்ஸ் பெட்டியைத் திறந்தாலே தும்முறான். இரும்பும் ஒத்துக்காமப் போயிடுச்சு போல."

மெக்கானிக் அவளைப் பார்த்ததும் பெட்டியை மூடினான். அவள் பெட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அவளால் சுற்றி வளைத்துப் பேச முடியாது. வியாழக்கிழமை, கூகை, டயர், ஏணி, தும்மல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

அவன் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். "எனக்கு நாலாம் நாளே தெரியும்க்கா. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வருது. வீட்டுக்குப் போனா வரல. வேற என்ன?"

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"அந்த ஃப்ளைட்டுக்குப் பன்னெண்டு நாள் முன்னாடி, அந்த எஞ்சினுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். பறவை இல்லைன்னா அடுத்து யாரு? நான்தானே? பறவைன்னு எழுதிட்டா பறவை வந்து சண்டைக்கா நிக்கப்போகுது?"

"நான் நிக்கறேனே."

அவன் பெட்டியின் தாழை விரலால் நிமிண்டினான்.

"நீ பார்த்தது சரியா தப்பான்னு உனக்கே தெரிய வேண்டாமா தம்பி?"

"வேண்டாம்க்கா," என்றான் சட்டென்று. "சத்தியமா வேண்டாம். ராத்திரி தூக்கமே இல்லை. தெரிஞ்சா இன்னும் போயிடும்."

அவள் எழுந்தாள். பெட்டியைப் பிடுங்கித் திறந்திருக்கலாம். அது அவளுக்கு வரவில்லை. "பிரஷ் என் வீட்டுக்காரரோடது," என்றாள். "அவர் ஈரத்துணியை வெச்சுக்கிட்டுத் திட்டிட்டிருக்கார். அதையும் யோசிச்சுக்க."

விசாரணை, மேனேஜரின் அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி மெல்லிய குரலுள்ள ஒரு பெண்மணி. ஒரு பென்சில், ஒரு கட்டு வெள்ளைத்தாள், வேறு எதுவும் கொண்டுவரவில்லை. காக்கா அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விதி என்ன, தான் செய்தது என்ன என்பதையும் சொன்னாள். உறைபனி பிடித்த பையை மேசையில் வைத்தாள். மேனேஜர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"விசாரணைக்கு வேண்டிய பொருளைக் கெடுத்திருக்கீங்க. இதுக்கே உங்களை வேலையை விட்டு எடுக்கலாம், தெரியுமாம்மா?"

"எடுங்க சார். ஆனா கூகை மேல போட்டு எடுக்காதீங்க. அது அதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே செத்துப்போச்சு."

அதிகாரியின் பென்சில் நின்றது. "அந்த பிரஷ் எங்கே?"

காக்கா அக்கா சுவரைப் பார்த்தாள். அதிகாரி மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். பெட்டியோடு வரச் சொன்னார்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் வைத்தான்.

"அன்னிக்கு நீங்க கூட்டின பிரஷ் உங்ககிட்ட இருக்கா?"

அவன் குனிந்து பெட்டியின் தாழை நீக்கினான். மூடி முழுதாகத் திறக்கவில்லை, அதற்குள் முதல் தும்மல் வந்துவிட்டது. இரண்டாவது வந்தது. மேனேஜர் ஏதோ சொல்லப் போனார். "இருங்க சார், இன்னொண்ணு இருக்கு," என்றாள் காக்கா அக்கா. மூன்றாவது அறையையே உலுக்கியது. சுவரில் தொங்கிய கடிதம் அசைந்தது.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கந்தல் துணியில் சுற்றிய நீலப்பிடி பிரஷை எடுத்து மேசையில் வைத்தான்.

"நேத்தே தூக்கிப் போட்டிருக்கலாம் மேடம். ரெண்டு தடவை குப்பைத்தொட்டி வரைக்கும் போனேன்," என்றான். "வாயாவது என்னமோ சொல்லிச் சமாளிக்கும். மூக்கு கேக்க மாட்டேங்குது."

அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார். வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் பிரஷை மெல்லத் தட்டினார். பன்னிரண்டு நாள் கழித்தும் இரண்டு மென்னிறகுகள் விழுந்தன. வைக்கோல் நிறம், சாம்பல் ஓரம். மின்விசிறிக் காற்றில் அவை நகராமலிருக்கக் கையால் மறைத்துக்கொண்டு எல்லோரும் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார்கள். மேனேஜரும்தான்.

"அழகா இருக்குல்ல?" என்றாள் காக்கா அக்கா.

பிரஷும் கூகையும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. அவள் எடுத்துக் கொடுத்த உலோகத் துண்டு ஏற்கெனவே வேறொரு கூடத்துக்குப் போயிருந்தது. மூன்று வாரத்தில் இரண்டு பதிலும் வந்தன. எஞ்சினில் கிடைத்த இறகும் ஃப்ரீசர் கூகையும் ஒன்றுதான். உலோகத் துண்டு, எஞ்சினின் உள்ளே சுழலும் தகடுகளில் ஒன்றின் அடிப்பகுதி. சாம்பல் நிறப் பாதி பழைய விரிசல், பளபளப்புப் பாதி அன்று உடைந்தது. விரிசல் இருந்த இடம் தகட்டின் வேரில். கேமரா எட்டிப் பார்க்க முடியாத இடம். யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதே வகை எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு விமானத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல் அகப்பட்டது. அந்த விமானம் அடுத்த நாள் கிளம்ப வேண்டியது.

காக்கா அக்காவுக்கும் மெக்கானிக்குக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவன் தன்னுடையதைப் பத்தடி தள்ளி நின்று உயர்த்திக் காட்டினான்.

"அக்கா, எனக்கு நாலு பத்தி. உங்களுக்கு?"

"எனக்கு ஆறு. நான் சீனியர்டா. தூக்கம் வருதா இப்ப?"

"நேத்து பஸ்ஸுலயே தூங்கி, ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன்க்கா."

மேனேஜர் சாவியைக் கொடுத்தார். ரோஜா பொத்தான் அப்படியே இருந்தது. கூடவே, உறை பிரிக்காத மெல்லிய பிரஷ்கள் ஒரு பெட்டி. ஸ்டோர் அறையில் இனி இவைதான் என்றார்.

அதிகாரி கிளம்பும்போது அவள் ஜீப்பை விட்டு இறங்கி ஓடினாள். "மேடம், ஒரு விஷயம். அந்தக் கூகை எப்படிச் செத்துச்சுன்னு ஆய்வுக்கூடத்துல சொன்னாங்களா?"

"கழுத்து எலும்பு முறிஞ்சிருக்காம். விமானம் மோதின மாதிரி இல்லையாம். அதுக்கு மேல நாங்க பார்க்கலம்மா. அது எங்க விசாரணையில வராது."

"என்னோடதுல வரும்," என்றாள் காக்கா அக்கா.

மறுநாள் விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு வடக்கு முனையில் ஜீப்பை நிறுத்தினாள். கூகை கிடந்த இடத்தில் புல் வளர்ந்திருந்தது. அங்கே முழங்காலிட்டு, பிறகு எழுந்து, கூகை பறக்கிற உயரத்துக்கு ஜீப்பின் கூரைமேல் ஏறி நின்று பார்த்தாள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. பத்து அடி தூரத்தில் காற்றுத் திசை காட்டும் துணிப்பையின் கம்பம். அந்தக் கம்பத்தைத் தாங்க மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள். இறங்கிக் கிட்டப் போகும்வரை அவளுக்கே கம்பி தெரியவில்லை. நடுக்கம்பியில், அவள் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், முறுக்கின் இடுக்கில் ஒரு மென்னிறகு சிக்கி, மழையில் நனைந்து, காய்ந்து ஒட்டிக்கிடந்தது.

உறையிலிருந்து புதுப் பிரஷை எடுத்து, அதைக் கூட்டிப் பையில் போட்டாள். பிரஷைத் தூக்கிப் போட்டாள். பதிவேட்டில் பழைய பக்கத்தைத் திருப்பி, 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'காற்றுப்பைக் கம்பத்தின் இழுகம்பி' என்று எழுதினாள்.

அன்று மாலை கணவரின் வெட்டுமேசையில் வெள்ளைத்துணி விரிந்திருந்தது. அவர் கைநீள நாடாக்களாக அதைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் கம்பியில கட்டினா இனிமே அதுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். கட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"சரி, என் பிரஷ் எப்ப வரும்?"

"அது வராதுங்க. அது சாட்சியாயிடுச்சு."

அவர் கத்தரியை நிறுத்தி அவளை முறைத்தார். அவள் ஏற்கெனவே நாடாக்களை எண்ணத் தொடங்கியிருந்தாள்; ஒரு கம்பிக்கு எத்தனை, எவ்வளவு இடைவெளி என்று.